வகுப்பறைக் கருவிகளும் கூடி எழுதுதலும்: தில்லித் தமிழ் மாணவரை முன்வைத்து ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

கல்வி தொடர்பான அரசு ஆவணங்களிலும் ஆசிரியர் பயிற்சிக் கையேடுகளிலும் ‘படைப்பாற்றல்’, ‘ஒத்துழைப்பு’ என்னும் இரு சொற்கள் அண்மைக் காலமாக இணைந்தே வழங்குகின்றன. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மாணவரிடம் வளர்க்கப்பட வேண்டிய திறன்களுள் இவ்விரண்டையும் எடுத்துரைக்கிறது. கற்பித்தலில் தொழில்நுட்பத்தைப் பரவலாகப் பயன்படுத்துவதையும் அதே கொள்கை வலியுறுத்துகிறது. இவ்விரு வலியுறுத்தல்களும் ஒன்றுசேர்ந்து, கருவி வகுப்பறைக்குள் வந்தால் படைப்பாற்றலும் கூட்டுச் செயல்பாடும் தாமே வளரும் என்னும் எண்ணத்திற்கு இடமளித்துள்ளன. இவ்வெண்ணம் எந்த அளவிற்குப் பொருந்தும் என்பது கல்வியியலாரால் பலவாறு விவாதிக்கப்பட்டுள்ளது. ஆயினும் மொழியியல் நோக்கில் எழ வேண்டிய வினா ஒன்று அவ்விவாதங்களில் போதிய இடம் பெறவில்லை. மாணவர்கள் கூடிச் செயற்படுவது எந்த மொழியில், அம்மொழியின் எந்த வழக்கில் என்பதே அவ்வினா.

தமிழ் வழங்காத சூழலில் தமிழைப் பாடமாகக் கற்கும் மாணவரிடத்து இவ்வினா மிகவும் கூர்மை பெறுகிறது. தில்லியில் லக்ஷ்மிபாய் நகர் போன்ற பகுதிகளில் தமிழ் கற்கும் மாணவர் இத்தகையோர். அவர்களின் மொழிச் சூழலை முன்வைத்து, வகுப்பறைக் கருவிகளைத் தமிழ் எழுத்துப் பயிற்சியின் கோணத்தில் மதிப்பிட இக்கட்டுரை முற்படுகிறது. தமிழ் வகுப்பில் படைப்பாற்றலும் கூட்டுச் செயல்பாடும் உண்மையில் நிகழும் இடம், பேச்சு வழக்கிலிருந்து எழுத்து வழக்கிற்கு மாணவர் கூடிக் கடக்கும் இடமாகும். அக்கடப்பைக் கண்ணுக்குப் புலனாக்கும் கருவி கற்றலுக்கு உதவுகிறது. அதனை மறைக்கும் கருவி கற்றலைத் தடுக்கிறது. இதுவே இக்கட்டுரையின் கருத்தாகும்.

2. களம்

லக்ஷ்மிபாய் நகர், தென்தில்லியில் சரோஜினி நகர், கிதுவாய் நகர், ஐ.என்.ஏ. சந்தை ஆகியவற்றை அடுத்து அமைந்த மத்திய அரசு ஊழியர் குடியிருப்புப் பகுதியாகும். தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் ஏழு பள்ளிகளுள் ஒன்று இங்கு இயங்குகிறது. மந்திர் மார்க், லோதி எஸ்டேட், மோதி பாக், ராமகிருஷ்ணாபுரம், ஜனக்புரி, பூசா சாலை ஆகிய இடங்களில் ஏனைய ஆறும் உள்ளன. தலைநகருக்குப் பணி நிமித்தம் பெயர்ந்த தென்னிந்தியக் குடும்பங்களின் கல்வித் தேவையை ஒட்டி 1920களில் தோன்றிய முயற்சியின் வளர்ச்சியே இக்கழகம்.

இத்தகைய பள்ளிகளில் பயிலும் மாணவரின் மொழிச் சூழல் மூன்று அடுக்குகளைக் கொண்டது. வீட்டில் தமிழின் ஏதேனும் ஒரு வட்டார வழக்கு அல்லது சமூக வழக்கு பேசப்படுகிறது. தெருவிலும் சந்தையிலும் விளையாட்டுத் திடலிலும் இந்தி வழங்குகிறது. உயர்வகுப்புப் பாடங்களின் கற்றலிலும் தேர்விலும் ஆங்கிலமே முதன்மை பெறுகிறது. இம்மூன்றிற்கும் அப்பால், தமிழ்ப் பாடநூலின் எழுத்து வழக்கு நான்காவதாக நிற்கிறது. தமிழகத்து மாணவருக்கு எழுத்து வழக்கு சுவரொட்டியிலும் பேருந்துப் பலகையிலும் நாளிதழிலும் நாள்தோறும் கண்ணில் படுகிறது. தில்லி மாணவர்க்கு அது பெரும்பாலும் பாடநூலுக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே தமிழகத்துக்கென வகுக்கப்பட்ட மொழி கற்பித்தல் முறைகளை அவ்வாறே இங்குப் பொருத்திக் காட்ட இயலாது. அதே வேளையில், தமிழகத்தில் மறைந்து கிடக்கும் சில சிக்கல்கள் இங்கு வெளிப்படையாகத் தெரிகின்றன. எனவே இக்களம் தமிழ் கற்பித்தல் அனைத்திற்கும் ஒரு சோதனைக் களமாகக் கொள்ளத்தக்கது.

3. இரு சொற்களின் பொருள் எல்லை

கருவிகளை மதிப்பிடுமுன் அவற்றின் பயனாகக் கூறப்படும் இரண்டு கருத்தாக்கங்களும் தமிழில் எவ்வாறு பெயர்க்கப்படுகின்றன என்பதைக் காண்பது பொருந்தும்.

‘ஒத்துழைப்பு’ என்னும் சொல் தமிழில் எத்தகைய வினைகளோடு சேர்ந்து வருகிறது என்பது நோக்கத்தக்கது. ஒத்துழைப்புத் தருதல், ஒத்துழைப்பு நல்குதல், ஒத்துழைப்பு அளித்தல் என்பனவே மிகுதியாக வழங்கும் தொடர்கள். இத்தொடர்களில் ஒருவர் தருபவர், மற்றொருவர் பெறுபவர். திட்டம் பெறுபவருடையது, தருபவர் அதற்கு இசைந்து நடக்கிறார். 1920இல் தொடங்கிய ஒத்துழையாமை இயக்கத்தின் பெயரிலும் இப்பொருளே அமைந்துள்ளது. பிறர் வகுத்த ஏற்பாட்டிற்கு இசைய மறுத்தலே ஒத்துழையாமை. ஆகவே வகுப்பறையில் மாணவர் ஒத்துழைக்க வேண்டும் என்று கூறும்போது, ஆசிரியர் வகுத்த பணிக்கு அவர்கள் இசைந்து நடக்க வேண்டும் என்னும் பொருளே முன்னிற்கிறது. பணியைத் தாமே வகுத்து, அதன் முடிவிற்குத் தாமே கூட்டாகப் பொறுப்பேற்றல் என்னும் பொருள் பின்தள்ளப்படுகிறது. ‘கூட்டுறவு’ என்னும் சொல் சங்கங்களோடும் வங்கிகளோடும் பிணைந்துவிட்டமையால் அதுவும் பயன்படவில்லை. ‘கூடி எழுதுதல்’, ‘கூடிக் கற்றல்’ என வினையடியாகப் பெயர்ப்பதே பொருளுக்கு நெருக்கமாக அமையும்.

‘படைப்பாற்றல்’ என்பதும் இவ்வாறே ஒரு சார்புடையது. படைப்பு, படைப்பாளி, படைப்பிலக்கியம் என்னும் சொற்களின் சூழலில், அது தனியொருவரின் அரிய திறனைச் சுட்டுகிறது. பள்ளியில் இது கவிதைப் போட்டியாகவும் கட்டுரைப் போட்டியாகவும் உருப்பெறுகிறது. மொழியியலில் இக்கருத்தாக்கம் வேறு பொருளில் ஆளப்படுகிறது. வரம்புடைய விதிகளைக் கொண்டு, முன்னர்க் கேட்டிராத எண்ணற்ற வாக்கியங்களை ஆக்கவும் புரிந்துகொள்ளவும் மனிதர் அனைவருக்கும் இயலும் என்பதைச் சாம்ஸ்கி மொழியின் அடிப்படைப் பண்பாகக் காட்டினார். இப்பண்பு கவிஞருக்கு மட்டும் உரியதன்று. சந்தையில் பேரம் பேசும் சிறுவரிடமும் காணப்படுவது. இதனை ‘ஆக்கத்திறன்’ எனக் குறிப்பது பொருத்தமாகும். சோறு ஆக்குதல் என்னும் அன்றாட வழக்கிலும் ‘ஆக்கு’ என்னும் வினை உள்ளது. அதில் அருமை என்னும் உட்பொருள் இல்லை.

மொழிபெயர்ப்பாளர் இவ்வேறுபாடுகளைக் கருத்தில் கொள்ளாவிடின், கொள்கை ஆவணத்தின் தமிழ் வடிவம் மூலத்திலிருந்து வேறான ஒரு வகுப்பறையை வேண்டுவதாகிவிடும். ஆசிரியர் சொன்னதைச் செய்யும் மாணவர் பலரும், பரிசு பெறும் மாணவர் சிலரும் உள்ள வகுப்பறையாக அது அமையும்.

4. தில்லியின் முன்னைய முயற்சிகள்

வகுப்பறைத் தொழில்நுட்பத்தின் வரலாற்றில் தில்லிக்குத் தனியிடம் உண்டு. 1961இல் ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியுடன் தில்லிப் பள்ளித் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கப்பட்டது. தொலைக்காட்சியில் தோன்றும் ஆசிரியர் பல பள்ளிகளுக்கு ஒரே வேளையில் பாடம் நடத்தினார். இதன் பயன் மறுக்கத்தக்கதன்று. ஆயினும் இதில் மாணவரின் மொழி திரையை எட்டுவதற்கு வழியில்லை. செய்தி ஒரு திசையில் மட்டுமே சென்றது.

1984-85இல் பள்ளிகளில் கணினி அறிவை வளர்க்கும் நடுவண் அரசுத் திட்டம், தொடக்கத்தில் நாடெங்கும் 248 பள்ளிகளில் செயற்படுத்தப்பட்டது. பிரித்தானிய ஒலிபரப்புக் கழகத்தின் கணினிக் கல்வித் திட்டத்திற்கென உருவான கணினிகள் இதற்குப் பயன்படுத்தப்பட்டன. இங்கு மாணவர் கருவியைத் தாமே இயக்க முடிந்தது. ஆனால் அதன் விசைப்பலகை ஆங்கில எழுத்துக்களுக்கென அமைந்தது. கருவியோடு உறவாடும் மொழி ஆங்கிலம் என்பது அன்று கேள்வியின்றி ஏற்கப்பட்டது.

மூன்றாவது முயற்சியே மொழியியல் நோக்கில் முதன்மையானது. 1999 ஜனவரியில், லக்ஷ்மிபாய் நகருக்குத் தென்கிழக்கே உள்ள கால்காஜியில், நிறுவனம் ஒன்றின் மதிற்சுவரில் துளையிட்டுக் கணினி ஒன்றைச் சுகதா மித்ரா பொருத்தினார். ‘சுவரில் ஒரு துளை’ எனப் பெயர்பெற்ற இச்சோதனையில், அருகிலிருந்த குடிசைப் பகுதிச் சிறுவர் ஆசிரியர் எவருமின்றிக் கணினியை இயக்கக் கற்றனர். அவர்கள் திரையில் நகரும் சுட்டுக்குறியை ‘சூயி’ என்றனர். இந்தியில் இது ஊசியைக் குறிக்கும். கணினி காத்திருக்கச் சொல்லும்போது தோன்றும் மணற்கடிகார வடிவை ‘டம்ரு’ என்றனர். இது சிவனின் உடுக்கை. மணற்கடிகாரம் அவர்களின் வாழ்வில் இல்லாத பொருள்; இடை சிறுத்த உடுக்கையோ அறிந்த பொருள். வடிவ ஒப்புமையால் பெயர் அமைந்தது. உவமை ஆகுபெயருக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

இச்சிறுவர் கூடிச் செயற்பட்டதற்கும் ஆக்கத்திறனுக்கும் மறுக்க இயலாத சான்று இச்சொற்களே. ஒரு பெயர் ஒருவரின் வாயில் பிறந்து, மற்றவர் ஏற்றாலன்றி நிலைபெறாது. தமிழில் கணினிக் கலைச்சொற்கள் பெரும்பாலும் அறிஞர் குழுக்களால் ஆக்கப்பட்டவை. அவற்றுள் ‘சுட்டி’ போன்ற நல்ல சொற்கள் உள்ளன. எனினும் பெயரிடும் உரிமை பயன்படுத்துவோரிடம் வந்து சேரும்போது நிகழும் ஆக்கத்தை எந்தக் குழுவும் ஈடுசெய்ய இயலாது.

இச்சோதனையின் மறுபக்கமும் குறிக்கத்தக்கது. 2000இல் தில்லி அரசின் பங்கேற்புடன் அம்பேத்கர் நகரில் இத்தகைய நிலையம் ஒன்று அமைந்தது. அதனை நேரில் கண்ட மார்க் வார்ஷாவர், சிறுவர் அறிந்த ஒரே மொழியாகிய இந்தியில் அங்கு எவ்வகைப் பாடப்பொருளும் இல்லை என்பதையும், அவர்கள் நேரத்தின் பெரும்பகுதியைப் படம் வரைவதிலும் விளையாட்டிலும் செலவிட்டனர் என்பதையும் சுட்டிக்காட்டினார். இவ்விரு செய்திகளும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. சிறுவர் கருவியைச் சுற்றித் தம் மொழியில் பேசினர்; கருவிக்குள் அம்மொழி இல்லை. பேச்சில் பிறந்த ஆக்கம் எழுத்தை எட்டுவதற்கு வழியின்றிப் போயிற்று. தில்லித் தமிழ் மாணவரின் நிலையும் இதனோடு ஒப்பிடத்தக்கது.

5. கூடி எழுதுதலின் இயல்பு

பேச்சு எழுத்தை எட்டுவதற்குக் கருவி எவ்வாறு உதவக்கூடும் என்பதற்குக் கணினிக்கு முற்பட்ட இரு முயற்சிகள் வழிகாட்டுகின்றன. 1924இல் தென்பிரான்சின் பார்-சுர்-லூ என்னும் ஊரில் செலெஸ்தென் ஃப்ரேனே என்னும் தொடக்கப்பள்ளி ஆசிரியர், வகுப்பறையில் சிறிய அச்சுப்பொறி ஒன்றை நிறுவினார். மாணவர் தம் வாழ்க்கையைப் பற்றி எழுதியவற்றுள் ஒன்றை வகுப்பார் தேர்ந்தெடுத்து, கூடித் திருத்தி, எழுத்தச்சுக்களைத் தம் கைகளால் கோத்து அச்சிட்டனர். பின்னர் அவை தொலைவிலுள்ள வேறொரு பள்ளிக்கு அனுப்பப்பட்டன. 1967இல் இத்தாலியின் பார்பியானா என்னும் மலைச் சிற்றூரில் லொரென்சோ மிலானி நடத்திய பள்ளியின் மாணவர், ஆசிரியை ஒருவருக்கு எழுதிய கடிதமாக அமைந்த நூலைக் கூட்டாக எழுதினர். கருத்துக்களைத் தனித்தனித் தாள்களில் எழுதி, அவற்றை வகைப்படுத்தி, அடுக்கி, தேவையற்ற சொற்களைக் களைந்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் அனைவரும் ஆராய்ந்தனர். இந்நூல் தமிழிலும் வெளிவந்துள்ளது.

ஒன்றில் அச்சுப்பொறி கருவியாயிற்று. மற்றொன்றில் துண்டுத் தாள்கள் கருவியாயின. இரண்டிற்கும் பொதுவான கூறு ஒன்று உண்டு. சொல் உடனே நிலைபெற்றுவிடாமல், எடுக்கவும் மாற்றவும் விவாதிக்கவும் இடமளிக்கும் வகையில் அனைவர் கண்முன்னும் நின்றது. எழுத்தச்சைக் கோக்கும் மெதுவான வேலை, எழுத்துக்கூட்டலையும் சொல் தேர்வையும் பேசுபொருளாக்கியது. ஒரு கருவி எத்தகைய மெதுவை அனுமதிக்கிறது என்பது, அது எத்தகைய விரைவைத் தருகிறது என்பதற்கு இணையான அளவுகோலாகக் கொள்ளத்தக்கது.

6. ஓர் எடுத்துக்காட்டுப் பயிற்சி

இவ்வளவுகோலைத் தில்லித் தமிழ் வகுப்பிற்குப் பொருத்திப் பார்க்கலாம். ஐந்து மாணவர் கொண்ட குழு ஒன்றிடம் ஐ.என்.ஏ. சந்தையை வருணித்து ஒரு பத்தி எழுதப் பணிக்கப்பட்டதாகக் கொள்வோம். மீன் கடைப் பகுதியைப் பற்றிய வாக்கியத்தை ஒருவர் ‘மீன் விக்கிறவங்க சத்தம் போட்டுக்கிட்டு இருக்காங்க’ என்று தொடங்கக்கூடும். மற்றொருவர் வீட்டு வழக்கில் அது ‘சத்தம் போட்டுண்டிருக்கா’ என அமையும். வேறொருவர் ‘மீன்வாலா கத்திட்டே இருக்காரு’ எனக்கூடும்.

இம்மூன்றையும் எழுத்து வழக்கிற்குக் கொண்டுவருவதில் பல முடிவுகள் அடங்கியுள்ளன. முதலாவது, ‘கிட்டு’, ‘ண்டு’, ‘ட்டே’ என வேறுபட்ட வடிவங்கள் ‘கொண்டிரு’ என்னும் ஒரே துணைவினையில் சென்று சேர்வதை மாணவர் காண்கின்றனர். தம் வீட்டு வழக்கும் தோழரின் வீட்டு வழக்கும் ஒரு பொது வடிவின் வேறுபாடுகள் என்பது விதி கூறாமலே விளங்குகிறது. எவருடைய பேச்சும் பிழையன்று என்பதும் அதனுடன் விளங்குகிறது. இரண்டாவது, ‘மீன்வாலா’ என்னும் கலப்புச் சொல்லைப் பெயர்க்கும்போது, ‘விற்பவன்’, ‘விற்பவள்’, ‘விற்பவர்’ ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். இந்தியின் ‘வாலா’ என்னும் விகுதி பாலைக் காட்டினும், தமிழைப் போன்று மரியாதைப் படிநிலையைக் காட்டுவதில்லை. மீன் விற்பவரை எந்த வடிவால் குறிப்பது என்பது இலக்கண வினா மட்டுமன்று; பிறரை மதிக்கும் முறை பற்றிய வினாவுமாகும். மூன்றாவது, ‘சத்தம் போடு’, ‘கத்து’, ‘கூவு’ ஆகியவற்றுள் விற்பனைக்குப் பொருந்துவது எது என்னும் பொருண்மை வினா எழுகிறது. ‘கூவி விற்றல்’ என்னும் வழக்கை அறிந்த ஒருவர் குழுவில் இருந்தாலும், அல்லது வீட்டில் பாட்டியிடம் ஒருவர் கேட்டு வந்தாலும் அவ்வினா தீர்கிறது.

‘மீன் விற்பவர்கள் கூவிக்கொண்டிருக்கிறார்கள்’ என்னும் எளிய வாக்கியம் இவ்வாறு உருப்பெறுகிறது. இதனை எவரும் உயர்ந்த இலக்கியம் எனக் கூறார். ஆனால் மாணவரின் ஆக்கத்திறனும் கூட்டுச் செயல்பாடும் இதற்குள் முழுமையாக அமைந்துள்ளன. எழுதி முடித்த வாக்கியத்தை மட்டும் காணும் ஆசிரியர்க்கு இவை எவையும் தெரியா.

7. கருவிகளின் மதிப்பீடு

7.1 விசைப்பலகை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற ‘தமிழ் 99’ விசைப்பலகை, 12 உயிர், 18 மெய், ஆய்தம் ஆகிய 31 எழுத்துக்களை அடிப்படையாகக் கொண்டது. மெய்க்கான விசை அகரமேறிய வடிவைத் தருகிறது. ஒரே மெய் இருமுறை வந்தால் முதலாவது தானே புள்ளி பெறுகிறது. மெல்லினத்தைத் தொடர்ந்து அதன் இன வல்லினம் வந்தாலும் அவ்வாறே நிகழ்கிறது. அ, ம, ம, ஆ என்னும் நான்கு விசைகள் ‘அம்மா’ என்பதையும், ப, ந, த, உ என்னும் நான்கு விசைகள் ‘பந்து’ என்பதையும் தருகின்றன. இலக்கண நூலார் மெய்ம்மயக்கம் எனக் கூறும் ஒலியியல்புகளுள் சில இங்குக் கருவியின் விதிகளாகியுள்ளன. ‘மமதை’ என எழுத இடையில் அகர விசையை அழுத்த வேண்டியிருப்பதை அறியும் மாணவர், தம்மையறியாமல் தமிழின் எழுத்தியலைக் கற்கிறார்.

இதற்கு மாறாக, ஒலிபெயர்ப்பு முறையில் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்துக்களால் உள்ளிட வேண்டும். ‘பலம்’, ‘பழம்’, ‘பாலம்’ ஆகியவை ஒரே உள்ளீட்டிற்குரிய பட்டியலில் தோன்றக்கூடும். ‘மனம்’, ‘மணம்’ என்பனவும் அவ்வாறே. சொல்லின் எழுத்துக்களை நினைவிலிருந்து கூட்டும் பணி, பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் பணியாக மாறிவிடுகிறது. மேலும், இந்தி எழுத்தறிந்த மாணவர்க்குக் ககரத்தின் ஒலிப்பிலா வடிவும் ஒலிப்புடை வடிவும் வேறுவேறு எழுத்துக்கள். தமிழில் அவை ஓரெழுத்தின் சூழல் வேறுபாடுகள். ‘மகன்’ என்னும் சொல்லை உள்ளிட எந்த ஆங்கில எழுத்தை இடுவது என மாணவர் ஒவ்வொரு முறையும் முடிவு செய்ய வேண்டியிருப்பது, தமிழ் எழுத்தமைப்பின் அடிப்படைக் கொள்கையையே மங்கச் செய்கிறது.

7.2 எழுத்துக் குறியாக்கம். கூடி எழுதுவதற்கு முதல் நிபந்தனை, ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க இயலுதல். எழுத்துருக்கள் தோறும் குறியாக்கம் வேறுபட்டிருந்த காலத்தில், ஒரு கணினியில் உள்ளிட்ட தமிழ் மற்றொன்றில் பொருளற்ற குறிகளாகத் தோன்றுவது இயல்பாயிருந்தது. 1991 முதல் தமிழுக்கு இடமளித்துள்ள ஒருங்குறியைத் தமிழக அரசு 2010இல் முறையாக ஏற்றது. இன்று இச்சிக்கல் பெரிதும் நீங்கியுள்ளது. லக்ஷ்மிபாய் நகர் மாணவர் எழுதுவதை மதுரை மாணவரோ யாழ்ப்பாண மாணவரோ உடனே படித்து மறுமொழி எழுத இயலும். ஃப்ரேனேயின் பள்ளிகள் அஞ்சல்வழிச் செய்ததை இன்று எளிதாகச் செய்யலாம். இவ்வாய்ப்பு தமிழ் வகுப்புகளில் போதிய அளவு பயன்கொள்ளப்படவில்லை என்றே கூற வேண்டும்.

7.3 வரைவுகளைக் காக்கும் கருவிகள். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு கட்டுரைக்கும் உரையாடல் பக்கமும் வரலாற்றுப் பக்கமும் உண்டு. எவர் எச்சொல்லை எப்பொழுது மாற்றினார் என்பது வரலாற்றுப் பக்கத்தில் பதிவாகிறது. மாற்றியதன் காரணம் உரையாடல் பக்கத்தில் விவாதிக்கப்படுகிறது. ‘கணினி’, ‘கணனி’ எனத் தமிழகமும் இலங்கையும் வேறுபடும் சொற்களும், கிரந்த எழுத்துக்களின் பயன்பாடும் அங்குப் பலமுறை விவாதப் பொருளாகியுள்ளன. பல நாட்டுத் தமிழர் ஓர் எழுத்து வழக்கை நோக்கிக் கூடி நகர்வதன் ஆவணம் அது. வகுப்பறைக்கு வேண்டுவதும் இத்தகைய அமைப்பே. ஒரே கோப்பில் பலர் எழுதவும், பழைய வரைவுகளை மீட்டுக் காணவும் உதவும் கருவிகள் இன்று பரவலாகக் கிடைக்கின்றன. ஆறாம் பகுதியில் கண்ட மூன்று பேச்சு வடிவங்களும் இறுதி வாக்கியமும் அவற்றில் அருகருகே நிற்க இயலும்.

7.4 இயந்திர மொழிபெயர்ப்பும் உரையாக்கமும். 2022ஆம் ஆண்டின் இறுதி முதல் பரவிய உரையாக்கச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், கேட்ட பொருளில் தமிழ்ப் பத்தி ஒன்றை நொடியில் தருகின்றன. மொழிபெயர்ப்புக் கருவிகள் ஆங்கில வாக்கியத்திற்குத் தமிழ் வாக்கியத்தைத் தருகின்றன. இவற்றின் பிழைகளைச் சுட்டி இவற்றை ஒதுக்குவது போதிய திறனாய்வாகாது; பிழைகள் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றன. சிக்கல் வேறிடத்தில் உள்ளது. ‘விற்பவன்’, ‘விற்பவர்’ என்னும் தேர்வைக் கருவி செய்துவிடுகிறது. தேர்வு நடந்ததென்பதே மாணவர்க்குத் தெரிவதில்லை. மாணவர் எண்ணம் முதலில் ஆங்கிலத்தில் அமைந்து பின்னர்த் தமிழ் உருப்பெறுவதால், வீட்டுப் பேச்சு முற்றிலும் விலக்கப்படுகிறது. தமிழ், மொழியாகாமல் வெளியீட்டு வடிவமாக மட்டும் நின்றுவிடுகிறது. கருவி பிழையற்றதாகும் அளவிற்கு இவ்விடர் மிகுகிறது. ஏனெனில் பிழையற்ற பத்தியைப் பற்றி விவாதிக்க எவர்க்கும் காரணம் தோன்றாது.

8. எதிர்வாதமும் அதன் எல்லையும்

இங்கு வலுவான மறுப்பு ஒன்று எழக்கூடும். தில்லி மாணவர்க்குத் தமிழ் எழுத்து முன்னரே சுமையாக உள்ளது. ஒலிபெயர்ப்பு உள்ளீடும் குரல்வழி உள்ளீடும் அச்சுமையைக் குறைக்கின்றன. அவற்றை விலக்கினால் மாணவர் தமிழில் எழுதுவதையே கைவிடுவர் என்பது அம்மறுப்பு. இதனை எளிதில் ஒதுக்க இயலாது. பிழையோடு எழுதப்படும் தமிழ், எழுதப்படாத தமிழினும் மேலானது. குடும்பத்தார்க்குச் செய்தி அனுப்பத் தமிழைப் பயன்படுத்தும் மாணவரிடம் விசைப்பலகையின் ஒழுங்கை வலியுறுத்துவதும் பொருந்தாது.

ஆயினும் இம்மறுப்பு பயன்பாட்டையும் பயிற்சியையும் ஒன்றாகக் கொள்கிறது. வீட்டில் எளிமை வேண்டும். வகுப்பில் எளிமைக்கு முன் தெளிவு வேண்டும். மேலும், எளிய கருவியையே பயிற்சிக்கு ஏற்ற வகையில் வரிசைப்படுத்த இயலும். குரல்வழி உள்ளீட்டை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். பேச்சை உடனே எழுத்து வழக்காக மாற்றித் தரும்போது அது கடப்பை மறைக்கிறது. மாணவரின் பேச்சைப் பதிவு செய்து, மீண்டும் கேட்க மட்டும் அதே திறன்பேசியைப் பயன்படுத்தினால், அது கடப்பைப் புலனாக்குகிறது. கருவி ஒன்றே, பயன் வேறுபடுகிறது.

இவ்வடிப்படையில் மூன்று படிநிலைகளைப் பரிந்துரைக்கலாம். முதற்படியில் மாணவர் குழு தன் பேச்சைப் பதிவு செய்து, கேட்டபடியே எழுத்தில் பெயர்க்க வேண்டும். பேச்சு வழக்கைத் தமிழ் எழுத்தில் எழுதுவது தவறாகக் கொள்ளப்படலாகாது. இரண்டாம் படியில் அப்பெயர்ப்பைக் குழு கூடி எழுத்து வழக்கிற்கு மாற்ற வேண்டும். மூன்றாம் படியில் மொழிபெயர்ப்புக் கருவியோ உரையாக்கக் கருவியோ தரும் வடிவைத் தம் வடிவோடு ஒப்பிட்டு, வேறுபாடுகளுக்குக் காரணம் கூற வேண்டும். இவ்வரிசையில் கருவி இறுதியில் வருகிறது. மாணவர் தம் தேர்வுகளை அறிந்த பின்னரே கருவியின் தேர்வுகளை மதிப்பிட வல்லவராவர். மதிப்பெண்ணும் இறுதிப் பத்திக்கு மட்டும் அமையாமல், மூன்று வரைவுகளுக்கும் அவற்றிற்கிடையே நிகழ்ந்த மாற்றங்களுக்கும் அமைதல் வேண்டும்.

9. முடிவுரை

தில்லியில் 1961 முதல் வகுப்பறைக்கு வந்த கருவிகள் ஒவ்வொன்றும் மாணவரின் கற்றலைப் புதுப்பிக்கும் என்னும் நம்பிக்கையோடு வந்தன. எம்மொழியில் என்னும் வினா ஒவ்வொரு முறையும் பின்னர் வந்தது; சிலவேளை வரவேயில்லை. கால்காஜிச் சிறுவர் கருவிக்குத் தம் மொழியில் பெயரிட்டபோது அவ்வினாவிற்கான விடை அவர்களிடமிருந்தே கிடைத்தது. ஆனால் கருவியை வடிவமைத்தோரிடம் அவ்விடைக்கு இடமில்லை.

தமிழகத்திற்கு வெளியே வளரும் தலைமுறைக்குத் தமிழ் எழுத்து, தேர்வோடு முடிந்துபோகும் ஒரு பாடமாகச் சுருங்கும் இடர் உண்மையானது. புதிய கருவிகள் அச்சுருக்கத்தை விரைவாக்கவும் கூடும். வீட்டுப் பேச்சையும் தோழரின் பேச்சையும் எழுத்தோடு இணைத்து அதனைத் தடுக்கவும் கூடும். எது நிகழும் என்பது கருவியின் ஆற்றலைப் பொறுத்ததன்று. பாடத்திட்டம் வகுப்போரும் ஆசிரியரும் எதனை மதிப்பெண்ணுக்கு உரியதாகக் கொள்கின்றனர் என்பதைப் பொறுத்தது. ஆகவே தமிழ் வகுப்பிற்கெனக் கருவியைத் தேர்வு செய்வோர், மாணவரின் முதற்பேச்சை அது ஏற்கிறதா, இடைப்பட்ட வரைவுகளைக் காக்கிறதா, சொல் தேர்வை மாணவர் கையில் விடுகிறதா என்னும் மூன்று வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே அதனை வகுப்பறைக்குள் அனுமதித்தல் தகும்.